கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு கலாட்டா

1771 செப்டம்பர். இங்கிலாந்தில் தேம்ஸ் கரையோரம் ஒரு மைதானம். சர்ட்ஸி அணிக்கும் ஹாம்பிள்டன் அணிக்கும் கிரிக்கெட். சர்ட்ஸி தரப்பில் ஒயிட் என்ற ஓர் ஆசாமி பேட் பிடிக்க வந்தார். அவர் கையிலிருந்த பேட்டின் அகலம், பின்னால் நட்டிருந்த ஸ்டம்புகளின் மொத்த அகலத்துக்குச் சமம். அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு சும்மா நின்றாலே போதும், ஜென்மத்துக்கும் போல்டு ஆகமாட்டார்.

ஹாம்பிள்டன்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் விதிகளைப் புரட்டினால் பேட் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இப்படியும் ஒருவன் வருவான் என்று எழுதி வைத்தவர்களுக்குத் தோன்றவில்லை. பாவம், நல்ல மனிதர்கள்.

ஆட்டத்தில் ஹாம்பிள்டன் ஒரே ஒரு ரன்னில் தப்பித்து ஜெயித்தது. ஜெயித்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் தாமஸ் பிரெட் ஒரு தீர்மானம் எழுதினார்: இனி பேட்டின் அகலம் நாலேகால் அங்குலம்தான். கேப்டன் ரிச்சர்ட் நைரனும் ஜான் ஸ்மால் என்ற பேட்ஸ்மேனும் கூடக் கையெழுத்துப் போட்டார்கள். சந்தேகமான பேட்டை நுழைத்துப் பார்க்க இரும்பில் ஒரு சட்டமும் அடித்து வைத்துக்கொண்டார்கள். அந்த நாலேகால் அங்குலம் இன்றைக்கும் சட்டம். கோலியின் பேட்டும் அதற்குள்தான் இருந்தாக வேண்டும்.

கோச்சிங் கேம்ப்பில் சேர்கிற பையனுக்கு நாலேகால் அங்குலத்தைச் சொல்லித் தருவார்கள், ஒயிட்டைச் சொல்லித் தரமாட்டார்கள். என் கட்சி இதுதான்: எந்தத் துறையாக இருந்தாலும் சரி, தலைகால் புரியாத விதி, வாயில் நுழையாத கலைச்சொல் என்று ஒன்று இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு ஏமாற்றுக்காரரோ ஏமாந்தவரோ கட்டாயம் நின்றுகொண்டிருப்பார். முதலில் அந்த ஆளைக் காட்டிவிட்டால் விஷயம் ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். பாடப்புத்தகங்கள் ஆளைத் துரத்திவிட்டு வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு நம்மைப் படுத்துகின்றன.

மேலே கையெழுத்துப் போட்ட ஜான் ஸ்மாலைக் கொஞ்சம் கவனியுங்கள். மனிதருக்குத் தொழிலே பேட்டும் பந்தும் செய்வது. வயலினும் வாசிப்பார். ஒருமுறை துரத்தி வந்த காளையை வயலின் வாசித்தே நிற்க வைத்ததாக அவர் ஊரில் கதை. நான்கு வருஷம் கழித்து, 1775 மே மாதம், லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில் அவர் ஆடிக்கொண்டிருந்தார். எதிரே லம்பி ஸ்டீவன்ஸ் என்ற பந்து வீச்சாளர். அந்தக் காலத்தில் ஸ்டம்பு இரண்டுதான், மேலே ஒரு பெயில். லம்பி போட்ட பந்து ஸ்மாலைத் தாண்டி இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே புகுந்து வெளியே போனது. எதிலும் படவில்லை, பெயில் விழவில்லை, அவுட்டும் இல்லை. ஒரு தடவை என்றால் விதி என்று விட்டுவிடலாம். மூன்று தடவை! ஸ்மால் அசராமல் நின்று தேவையான ரன்களை எடுத்து ஆட்டத்தை முடித்துவிட்டார். அடுத்தவன் பேட்டைச் சுருக்கக் கையெழுத்துப் போட்டவர் அடுத்தவன் பந்துக்கு மூன்று முறை தப்பினால் ஊர் பார்த்துக்கொண்டிருக்குமா? மூன்றாவது ஸ்டம்பு வந்தது. மிடில் ஸ்டம்பு எகிறிப் பறப்பதை டிவியில் ஸ்லோமோஷனில் ரசிக்கிறோமே, அந்தக் குச்சி லம்பியின் வயிற்றெரிச்சலில் முளைத்தது.

சதுரங்கத்தில் 'ஆன் பாசான்' என்று ஒன்று உண்டு. சென்னையில் செஸ் வகுப்புக்குப் போகிற குழந்தைகள் முதல் மாதம் அழுவது இதற்காகத்தான். சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாவலாம். அப்படித் தாவி எதிராளியின் சிப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றால், அது ஒரே கட்டம் நகர்ந்திருந்தால் எப்படியோ அப்படி எதிராளி அதை வெட்டலாம். அதுவும் உடனே, அடுத்த நகர்த்தலிலேயே. ஏன் இந்த வினோதம்? பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் ஆட்டத்தை வேகப்படுத்தினார்கள். மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டும் நகர்ந்துகொண்டிருந்த மந்திரி, பலகை முழுக்கப் பாய்கிற ராணியாகிவிட்டார். இத்தாலிக்காரர்கள் இதைப் பைத்தியக்காரச் சதுரங்கம் என்றே சொன்னார்கள். இந்த அவசரத்தில் சிப்பாய்க்கும் இரண்டு கட்டத் தாவல் நிலைத்தது. உடனே சில புத்திசாலிகள் காவல் நிற்கும் எதிரிச் சிப்பாயை ஏய்த்துவிட்டு அந்தப் பக்கம் போகத் தாவலைப் பயன்படுத்தினார்கள். செக்போஸ்ட்டில் நிற்காமல் போன வண்டியை நம்பர் பார்த்துப் பிடிக்கிற ஏற்பாடுதான் ஆன் பாசான்.

விளையாட்டை விடுங்கள், காசுக்கு வருவோம். முன்பேர வர்த்தகம், ஃபியூச்சர்ஸ், டெரிவேட்டிவ் என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் பேசும்போது நமக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை வரும். வரவே கூடாது. அதை ஊர் பார்க்க ஆடிக் காட்டியவர்கள் ஹாலந்தில் சாராயக் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள்.

துலிப் கிழங்கை ஜூன் மாதம் தோண்டி எடுப்பார்கள், இலையுதிர் காலத்தில் மறுபடி நடுவார்கள். மற்ற மாதமெல்லாம் அது மண்ணுக்குள். ஆனால் வாங்குகிற ஆசை மண்ணுக்குள் இருக்குமா? 1636-37 குளிர்காலத்தில் ஹார்லெம் போன்ற ஊர்களில் கடையின் பின்னறையில் கூடி, 'கிழங்கைத் தோண்டும்போது தருகிறேன்', 'தோண்டும்போது பணம் தருகிறேன்' என்று சீட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தச் சீட்டை வாங்கியவர் மேல் விலைக்கு இன்னொருவருக்கு விற்றார். விற்றவரிடம் கிழங்கு இல்லை, வாங்கியவரிடம் பணம் இல்லை, இரண்டு பேருக்கும் அது தெரியும். அவர்களே இதற்குக் 'காற்று வியாபாரம்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். பேரம் படிந்தால் அதில் ஒரு பங்கு 'ஒயின் காசு' என்று பொதுவில் வைக்க வேண்டும், அது குடிக்க. புரோக்கரேஜ் என்கிற விஷயம் இவ்வளவு நேர்மையாக வேறு எங்கும் இருந்ததில்லை.

பிப்ரவரி முதல் வாரம் ஹார்லெமில் ஏலம் போட்டார்கள், கேட்க ஆளில்லை. அதே வாரம் ஆல்க்மார் என்ற ஊரில் தகப்பனை இழந்த குழந்தைகளுக்காக அவர் விட்டுப்போன துலிப்புகளை ஏலம் விட்டு 90,000 கில்டர் என்று முடித்தார்கள். நல்ல தொழிலாளி ஒருவர் வருஷம் முழுக்க உழைத்தால் 300 கில்டர் கிடைத்த காலம். செய்தி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடந்து வந்ததில் இது ஒரு வசதி. அப்புறம் எல்லாரும் எல்லார் மேலும் பாய்ந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் தலையைச் சொறிந்துவிட்டு, 1638-இல் ஹார்லெம் நகரசபை சொன்ன தீர்ப்பு: பேசிய விலையில் நூற்றுக்கு மூன்றரை கொடுத்துவிட்டு வாங்குபவர் கழன்றுகொள்ளலாம். ஆக, வாங்கியே தீரவேண்டிய ஒப்பந்தம், சிறு தொகையைக் கட்டிவிட்டு விலகிக்கொள்ளும் ஒப்பந்தமாக மாறிவிட்டது. இப்போது சந்தையில் முதலாவதை ஃபியூச்சர் என்கிறார்கள், இரண்டாவதை ஆப்ஷன் என்கிறார்கள். கோட்டு போட்டவர் இரண்டு மணி நேரம் விளக்குவது இவ்வளவுதான்.

ஹாலந்து நாடே திவாலானது, ஆளாளுக்குக் கால்வாயில் குதித்தார்கள் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். 1841-இல் சார்ல்ஸ் மெக்கே என்ற ஸ்காட்லாந்துக்காரர் கைச்சரக்கும் சேர்த்துப் பிரபலப்படுத்திய கதை அது. நாடு திவாலாகவில்லை, சில நூறு பேருக்கு முகத்தில் கரி, அவ்வளவே. உண்மையான வேடிக்கை வேறு. எல்லாரும் உயிரை விட்டது வெள்ளை இதழில் சிவப்புத் தீக்கொழுந்து ஓடுகிற பூவுக்கு. 1920-களில் டோரதி கேலி என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துச் சொன்னார்: அந்தத் தீக்கொழுந்து ஒரு நோய். வைரஸ். அசுவுணி பரப்புவது. செடியை வருஷத்துக்கு வருஷம் நலியச் செய்வது. அதற்குத்தான் அத்தனை கில்டர்.

இன்சூரன்ஸ் கதை இதைவிடக் கேவலமானது, ஆகவே இன்னும் சுவையானது.

லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் 1680-களில் காபிக் கடை நடத்தினார். கப்பல்காரர்கள் வருவார்கள். 'என் கப்பல் முழுகினால் யார் ஈடு தருவீர்கள்?' என்று ஒரு சீட்டைச் சுற்றுக்கு விடுவார்கள். துணிந்தவர்கள் எவ்வளவு பங்கு என்று எழுதி அடியில் கையெழுத்துப் போடுவார்கள். அண்டர்ரைட்டர் என்றால் அவ்வளவுதான், அடியில் எழுதுகிறவர். அந்தக் கடையிலிருந்து வளர்ந்த லாயிட்ஸ் நிறுவனத்தில் சீருடைப் பணியாளர்களை இன்றைக்கும் வெயிட்டர் என்றே அழைக்கிறார்கள். காபி மட்டும்தான் நின்றுபோனது.

கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? 1743-இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் போருக்குக் கிளம்பினார். அவர் உயிரோடு திரும்புவாரா என்று பாலிசி. பிரபு யாராவது படுத்த படுக்கையானால் பாலிசி. தன் பெயரில் என்ன விலை ஓடுகிறது என்பதை அந்த நோயாளியே பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். குணமாகிற எண்ணம் இருந்தாலும் போய்விடும்.

உச்சம், ஷெவாலியே டியோன். பிரெஞ்சுக் குதிரைப்படைக் கேப்டன், தூதர், பதினைந்தாம் லூயியின் ஒற்றர், வாள்வீச்சில் சூரர். லண்டனில் குடியிருந்தார். 1770 வாக்கில் ஒரு வதந்தி கிளம்பியது: அவர் ஆணா பெண்ணா? உடனே காபிக் கடைகளில் பாலிசி திறந்துவிட்டார்கள். 15 கினி கட்டுங்கள், டியோன் பெண் என்று நிரூபணமானால் 100 கினி. டியோன் கைத்தடியோடு கடைக்கே போய், பந்தயம் கட்டியவர்கள் வெளியே வரட்டும் என்று சவால் விட்டார். ஒருத்தரும் வரவில்லை, விலை மட்டும் ஏறியது. பரிசோதனைக்கு ஒத்துழைத்தால் பெரும் தொகை தருவதாகவும் தூது வந்தது. அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்கவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை உண்டானது அங்கேதான்.

1777-இல் பந்தயம் கட்டிய டாக்டர் ஒருவர், பணம் வாங்கிய தரகர் மேல் வழக்கே போட்டார். சாட்சிகள் வந்து, நாங்கள் நேரில் அறிவோம் என்று வாய்கூசாமல் சொன்னார்கள். ஜூரி 'பெண்தான்' என்றது. அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபுவுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாவது மனிதர் ஒருவரின் மானத்தை வைத்து நீங்கள் இருவர் பந்தயம் கட்டுவீர்கள், அதை வசூலித்துத் தர கோர்ட்டா என்று தள்ளுபடி செய்தார். டியோன் அதன்பிறகு பெண்ணாகவே வாழ்ந்தார். அறுபதை நெருங்கும் வயதில், கறுப்புக் கவுனோடு, வேல்ஸ் இளவரசர் முன்னிலையில் அந்தக் காலத்தின் பெயர்பெற்ற வாள்வீரர் ஒருவரைத் தோற்கடித்தார். 1810-இல் இறந்த பிறகு பார்த்த மருத்துவர்கள் 'ஆண்' என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். பந்தயம் கட்டிய இரு தரப்புக்கும் அது பயன்படாமல் போனதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்தக் கூத்துகளின் நடுவே 1774-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஓர் உயிர் மேல் பாலிசி எடுக்க வேண்டுமானால், அந்த உயிர் போனால் உங்களுக்கு நிஜமாக நஷ்டம் இருக்க வேண்டும். 'இன்ஷூரபிள் இன்ட்ரெஸ்ட்', தமிழில் காப்பீட்டு உரிமை நலன் என்று ஏஜென்ட் தேர்வுக்கு உருப்போடுவார்களே, அது இதுதான். மனைவி மேல் பாலிசி எடுக்கலாம், கடன் கொடுத்தவர் கடன்காரர் மேல் எடுக்கலாம், எதிர்வீட்டுக்காரர் இருமுகிறார் என்று அவர் மேல் நீங்கள் எடுக்க முடியாது. எழவு விழுந்தால் லாபம் என்று ஊரில் யாரும் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் தத்துவம்.

இனி நம்ம ஊர்ப்பக்கம் வந்து பட்ட ஒருவர். பாண்டிச்சேரியில்.

பிளஸ் ஒன் இயற்பியலில் 'இடமாறு தோற்றம்' என்று வரும். பாரலாக்ஸ். கட்டைவிரலை மூக்குக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பின்சுவரில் விரல் அங்கும் இங்கும் குதிக்கும். இரண்டு கண்ணுக்கும் இடைவெளி தெரிந்தால், குதித்த அளவை வைத்து விரல் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். எட்மண்ட் ஹாலி 1716-இல் சொன்ன யோசனை இதன் பெரிய பதிப்பு. விரலுக்குப் பதில் சுக்கிரன், சுவருக்குப் பதில் சூரியன், கண்களுக்குப் பதில் பூமியின் வெவ்வேறு மூலைகளில் தொலைநோக்கியோடு ஆட்கள். சுக்கிரன் சூரியனின் முகத்தில் ஒரு கறுப்புப் பொட்டாகக் கடந்து போகிற நேரத்தை எல்லாரும் குறித்து ஒப்பிட்டால், சூரியன் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். அது ஒன்று தெரிந்தால் போதும், மற்றக் கிரகங்களின் தூரம் எல்லாம் கெப்ளர் விதிப்படி வரிசையாக விழும்.

சிக்கல், சுக்கிரன் அடிக்கடி கடக்காது. எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை, அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் கிடையாது. அடுத்த ஜோடி 1761-லும் 1769-லும் என்று கணக்கு. பிரெஞ்சு அறிவியல் அகாடமி தன் ஆட்களை நாலா திசைக்கும் அனுப்பியது. கியோம் லெ ஜான்தி என்பவருக்குப் பாண்டிச்சேரி.

1760 மார்ச்சில் கிளம்பினார். மொரீஷியஸ் வந்து, கப்பல் கிடைக்காமல் காத்திருந்து, ஒருவழியாக நம் கரைப்பக்கம் நெருங்கியபோது சேதி வந்தது: பாண்டிச்சேரியை ஜனவரியிலேயே ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6, சுக்கிரன் கடந்த அன்று லெ ஜான்தி நடுக்கடலில். வானம் பளிங்காக இருந்தது. எல்லாம் கண்ணாரப் பார்த்தார். ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது, தான் இருக்கிற இடமும் துல்லியமாகத் தெரியாது. பார்த்தது எதற்கும் உதவாது.

வேறு யாராவது ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவர், எட்டு வருஷம்தானே, இருந்துவிட்டே போகிறேன் என்றார். மடகாஸ்கர் கரையை அளந்தார். அடுத்த கடப்புக்கு மணிலாதான் சரியான இடம் என்று கணக்குப் போட்டு அங்கே போனார். ஸ்பானிஷ் கவர்னர் இவருடைய அறிமுகக் கடிதங்களைப் போலி என்று சந்தேகப்பட்டார். அகாடமியும் பாண்டிச்சேரிக்கே போகச் சொன்னது. 1768 மார்ச்சில் ஒருவழியாகப் பாண்டிச்சேரி மண்ணை மிதித்தார். அதற்குள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியிருந்தது, இடிபாடாக. அந்த இடிபாட்டின் மேலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். ஊரை இடித்த ஆங்கிலேயர்களே சென்னையிலிருந்து ஒரு நல்ல தொலைநோக்கியும் இரவல் அனுப்பினார்கள். வானியல்காரர்களுக்குள் பகை கிடையாது, மழை ஒன்றுதான் எதிரி.

காத்திருந்த மாதங்களில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பிடித்துக் கிரகணக் கணிதம் கற்றார். தாள் கிடையாது, பேனா கிடையாது. தரையில் சோழிகளை நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் ஒரு கிரகணத்தைக் கணக்கிட்டுத் தந்தார் அந்த மனிதர். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை வைத்து லெ ஜான்தி சோதித்தார். சோழிக் கணக்கில் 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் புத்தம்புது மேயர் அட்டவணையில் 68 விநாடி கூடியது. இதைத் தன் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார், மறைக்கவில்லை.

1769 ஜூன் 4 விடியற்காலை. சூரியன் உதிக்கும்போது சுக்கிரன் அதன் முகத்தில் இருக்கும், கொஞ்ச நேரத்தில் வெளியேறும். அதுவரை நாள்தோறும் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அன்றைக்கு மேகம் வந்தது. காற்றும் வந்தது. சுக்கிரன் வெளியேறி முடிந்ததும் மேகம் விலகி, சூரியன் பகல் முழுக்கச் சிரித்தது. மணிலாவில் அன்று காலை வானம் சுத்தம். ஜாதகத்தில் சுக்கிர திசை வந்தால் கொட்டும் என்பார்கள். இவருக்குப் பொழிந்தது வேறு. இரண்டு வாரம் பேனாவைத் தொட மனம் வரவில்லை என்று எழுதுகிறார்.

சரி, பார்த்தவர்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? சுக்கிரன் சூரிய விளிம்பை விட்டு நகரும் கணத்தைக் குறிக்க வேண்டும். அங்கேதான் 'கருந்துளி விளைவு' என்ற வில்லன். கறுப்புப் பொட்டு விளிம்பிலிருந்து சட்டென்று பிரியாமல், வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் விரலோடு இழுபடுகிற மாதிரி இழுத்துக்கொண்டே நிற்கும். எந்த விநாடியில் அறுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தாஹிட்டியில் கேப்டன் குக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஒரே இடத்தில் நின்று பார்த்தும் விநாடிக் கணக்கில் ஆளுக்கொரு நேரம் குறித்தார்கள். இருந்தும் உலகெங்கும் வந்த கணக்குகளைச் சேர்த்தபோது, சூரியனின் தூரம் இன்று நாம் சொல்லும் 15 கோடி கிலோமீட்டருக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டது. அதில் லெ ஜான்தியின் பங்கு பூஜ்யம்.

வயிற்றுக்கடுப்பு, புயல், பாதி வழியில் திரும்பிய கப்பல் எல்லாம் தாண்டி 1771-இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். பதினொரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எழுதிய கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. வாரிசுகள் அவரை இறந்தவர் என்று முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அகாடமியில் அவர் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை மீட்க மன்னர் தலையிட வேண்டியிருந்தது. சொத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காரியஸ்தர், வசூலான பணம் திருட்டுப் போய்விட்டது என்றார். லெ ஜான்தி கோர்ட்டுக்குப் போனார். வழக்கில் தோற்றதோடு, கோர்ட் செலவையும் அவரையே கட்டச் சொன்னார்கள்.